சங்கிலி ரம்பத்தின் பார் நீளமும் வெட்டும் திறனும்

சங்கிலி ரம்பம் என்பது பெட்ரோல் எஞ்சின், மின்மோட்டார் அல்லது மின்கலத்தால் ஓடும் மரமறுக்கும் கருவி. பேச்சு வழக்கில் இது செயின்சா, பவர் சா, மரம் அறுக்கும் மெஷின் எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. இதன் முன்புறம் நீண்டிருக்கும் தட்டையான எஃகுத் தகடு ‘கைடு பார்’ அல்லது சுருக்கமாக ‘பார்’ எனப்படும். பாரின் விளிம்பு முழுவதும் ஓடும் காடியில் பற்கள் கொண்ட சங்கிலி சுற்றிவருகிறது. அதன் பற்களே மரத்தை வெட்டுகின்றன. பார் சங்கிலியைத் தாங்கி வழிநடத்த மட்டுமே செய்கிறது.

பார் நீளமாக இருந்தால் மரம் வேகமாக அறுபடும் என்ற எண்ணம் வாங்குவோரிடையே பரவலாக உள்ளது. நீளம் கூடினால் வேகம் குறையும் என்ற எதிர்க்கருத்தும் உண்டு. இரண்டுமே முழு உண்மையல்ல. சங்கிலி ஓடும் வேகத்தைப் பார் நீளம் முடிவு செய்வதில்லை. எவ்வளவு பருமனான மரத்தை ஒரே வீச்சில் அறுக்கலாம், எஞ்சின்மேல் எவ்வளவு சுமை விழலாம், கருவி கையில் எப்படி நிற்கும், எண்ணெய் முனைவரை போய்ச் சேருமா என்பவற்றையே அது பாதிக்கிறது. பொருந்தாத நீளம் வேலையைத் தாமதப்படுத்துவதோடு கருவியையும் கெடுக்கும். சில சமயம் இயக்குபவரின் உயிருக்கும் ஆபத்தாக முடியும்.

பார் நீளத்தை அளக்கும் முறை

பாருக்கு இரண்டு நீளங்கள் உண்டு. தகட்டைக் கழற்றி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்தால் கிடைப்பது மொத்த நீளம். கருவியில் பூட்டிய பின் உடற்பகுதியின் முன்விளிம்பிலிருந்து முனைவரை அளந்தால் கிடைப்பது வெட்டு நீளம். கடைகளில் 16 அங்குலம், 18 அங்குலம் என்று சொல்லப்படுவது வெட்டு நீளமே. அதுவும் பெரும்பாலும் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குச் சரிசெய்து சொல்லப்படுவதால், உண்மை அளவு அரை அங்குலம் அல்லது ஓர் அங்குலம் வேறுபடலாம்.

வீட்டுத் தோட்டக் கருவிகளில் 10 முதல் 16 அங்குலம் வரையிலும், பொதுப் பயன்பாட்டுக் கருவிகளில் 16 முதல் 20 அங்குலம் வரையிலும் பார்கள் வருகின்றன. பெருமரங்களை வீழ்த்தும் தொழில்முறைக் கருவிகளில் 24 அங்குலம் முதல் 36 அங்குலம் வரையும், அதற்கு மேலும் பயன்படுகின்றன.

சங்கிலியின் வேகம் எதைப் பொறுத்தது?

எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாக ஸ்ப்ராக்கெட் எனப்படும் பற்சக்கரத்துக்கு வருகிறது. பாரின் காடிக்குள் இறங்கி ஓடும் சங்கிலிக் கண்ணிகளை உந்துகண்ணிகள் என்பர். ஆங்கிலப் பெயரில் டிரைவ் லிங்க். ஸ்ப்ராக்கெட்டின் ஒவ்வொரு பல்லும் ஓர் உந்துகண்ணியை இழுக்கிறது.

சங்கிலியின் அளவைக் குறிக்க ‘பிட்ச்’ என்ற சொல் பயன்படுகிறது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதியே பிட்ச். 0.325 அங்குலம், 3/8 அங்குலம், 0.404 அங்குலம் ஆகியவை வழக்கத்தில் உள்ள அளவுகள். ஓர் உந்துகண்ணியிலிருந்து அடுத்த உந்துகண்ணிக்கு உள்ள தூரம் பிட்ச்சைப் போல் இரு மடங்கு. எனவே சங்கிலியின் வேகத்தை இப்படிக் கணக்கிடலாம்:

சங்கிலி வேகம் = 2 × பிட்ச் × ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் × நொடிக்குச் சுழற்சி

எடுத்துக்காட்டாக, 3/8 அங்குல (9.525 மி.மீ.) பிட்ச் கொண்ட சங்கிலியும் 7 பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட்டும் உள்ள ஒரு ரம்பத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுச் சுற்றினால் சங்கிலி 133.35 மி.மீ. நகரும். வெட்டும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று, அதாவது நொடிக்கு 150 சுற்று ஓடுகிறது எனில், சங்கிலியின் வேகம் நொடிக்கு 20 மீட்டர்.

இந்தச் சமன்பாட்டில் பார் நீளம் எங்கும் இல்லை. அதே எஞ்சினில் 16 அங்குல பாரைக் கழற்றிவிட்டு 20 அங்குல பாரைப் பூட்டினாலும், எஞ்சின் அதே சுழற்சியில் ஓடும் வரை சங்கிலியின் வேகம் மாறாது. வேறுபடுவது ஒன்றுதான்: நீளமான சங்கிலி ஒரு முழுச் சுற்று வர அதிக நேரம் எடுக்கும். 3/8 அங்குலத்தில் 16 அங்குல பாருக்கு வழக்கமாக 60 உந்துகண்ணிகளும், 20 அங்குல பாருக்கு 72 உந்துகண்ணிகளும் கொண்ட சங்கிலிகள் வருகின்றன. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் முன்னது நொடிக்கு ஏறத்தாழ 17.5 முறையும் பின்னது 14.6 முறையும் சுற்றிவரும். நொடிக்கு மரத்தைத் தொடும் பற்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே.

ஒரே மரம், இரு பார்கள்

30 செ.மீ. விட்டமுள்ள ஒரு மரத்துண்டை இந்த இரு பார்களாலும் அறுப்பதாகக் கொள்வோம். சங்கிலியில் ஒரு வெட்டுப்பல்லுக்கும் அடுத்த வெட்டுப்பல்லுக்கும் இடையே ஓர் இணைப்புத் தகடு வரும் அமைப்பே வழக்கமானது. இதில் இரண்டு உந்துகண்ணிகளுக்கு ஒரு பல் என்ற கணக்கு வரும். 3/8 அங்குலச் சங்கிலியில் பற்களின் இடைவெளி 38.1 மி.மீ. எனவே 30 செ.மீ. மரத்துக்குள் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 8 பற்கள் இருக்கும். பார் 16 அங்குலமானாலும் 20 அங்குலமானாலும் அந்த 8 மாறாது. மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதையும் வெட்டுவதில்லை.

ஆகவே மரம் இரண்டு பார்களுக்குள்ளும் அடங்குமானால் அறுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நீளமான பாரில் சங்கிலியின் எடையும், அது காடியில் உரசும் தூரமும் கூடுவதால் சிறிது ஆற்றல் இழப்பு உண்டு. வலுவான எஞ்சினில் இது கவனத்துக்கு வராது. சிறிய எஞ்சினிலும் மின்கல ரம்பத்திலும் அந்த இழப்பை உணர முடியும். அவற்றில் மிச்சமாக இருக்கும் திறனே குறைவு.

மரம் பருக்கும்போது நடப்பது

நீளமான பாரின் உண்மையான பாதிப்பு, அதன் முழு நீளமும் மரத்துக்குள் புதையும்போது தெரியவரும். இதைப் புரிந்துகொள்ள விசையைக் கணக்கிட வேண்டும். சங்கிலியை இழுக்கும் விசை, எஞ்சினின் திறனைச் சங்கிலியின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும்.

3 கிலோவாட் திறன் சங்கிலிக்கு வந்துசேர்ந்து, வேகம் நொடிக்கு 20 மீட்டர் எனில், இழுவிசை 150 நியூட்டன். இது ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமம். 30 செ.மீ. மரத்தில் 8 பற்கள் இதைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 19 நியூட்டன் கிடைக்கும். 60 செ.மீ. மரத்தில் 16 பற்கள் உள்ளே இருப்பதால் ஒரு பல்லுக்கு 9 நியூட்டன் அளவே கிடைக்கும். எஞ்சினின் திறன் 1.5 கிலோவாட் மட்டுமே எனில் அது 5 நியூட்டனுக்கும் கீழே போய்விடும்.

போதிய விசை இல்லாத பல்லால் முழுத் தடிப்பில் சீவல் எடுக்க முடியாது. மெல்லிய தூளைச் சுரண்டிக்கொண்டே ஓடும். மெல்லியதாகச் சுரண்டும்போது அதே அளவு மரத்தை அகற்ற அதிக ஆற்றல் செலவாகும். இயக்குபவர் பொறுமையிழந்து அழுத்தினால் எஞ்சினின் சுழற்சி குறையும். சுழற்சி குறைந்தால் திறன் மேலும் குறையும். கடைசியில் கிளட்ச் வழுக்கிச் சூடாகும். ‘பெரிய பார் போட்டதும் மெஷின் திணறுகிறது’ என்ற புகாரின் பின்னணி இதுவே.

இதில் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு பல்லும் தான் சீவிய மரத்தைத் தனக்கு முன்னுள்ள குழிவில் சுமந்துகொண்டு வெட்டின் மறுமுனைவரை செல்ல வேண்டும். வெட்டு நீளும்போது அந்தக் குழிவு மறுமுனை வருமுன்னரே நிரம்பிவிடலாம். நிரம்பிய பல் மரத்தின்மேல் உரசிச் செல்லுமே தவிர மேற்கொண்டு வெட்டாது.

மரத்தின் பருமனும் நேரமும் நேர்விகிதத்தில் கூடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 30 செ.மீ. விட்ட மரத்தின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 707 சதுர செ.மீ.; 60 செ.மீ. விட்ட மரத்துக்கு அது 2,827 சதுர செ.மீ. விட்டம் இரட்டித்தால் அறுக்க வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிறது. அதே எஞ்சினுக்கு நேரமும் குறைந்தது நான்கு மடங்காகும். இந்தத் தாமதத்துக்குப் பாரைக் குறை சொல்வது பொருந்தாது.

எஞ்சினுக்கு ஏற்ற நீளம்

ஒவ்வொரு மாதிரிக்கும் பொருந்தும் பார் நீளங்களைத் தயாரிப்பாளர்கள் கையேட்டில் குறிப்பிடுகின்றனர். எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு பார்த்தால் பொதுவான வரம்புகள் இவை:

30 முதல் 40 கன செ.மீ. வரை: 12 முதல் 16 அங்குலம்
45 முதல் 55 கன செ.மீ. வரை: 15 முதல் 20 அங்குலம்
60 முதல் 70 கன செ.மீ. வரை: 18 முதல் 28 அங்குலம்
90 கன செ.மீ. மற்றும் மேல்: 24 முதல் 36 அங்குலம், சிலவற்றில் அதற்கு மேலும்

ஒவ்வொரு வரம்பிலும் மேல் எல்லை மென்மரத்துக்கும், கீழ் எல்லை கடினமரத்துக்கும் பொருந்தும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 170 மாதிரியின் எஞ்சின் 30 கன செ.மீ. அளவுடையது; 12 முதல் 16 அங்குல பார்களுக்கானது. அதே நிறுவனத்தின் எம்.எஸ். 880 மாதிரி 121.6 கன செ.மீ. எஞ்சினும் 6.4 கிலோவாட் திறனும் உடையது. அதில் 90 செ.மீ.க்கு மேற்பட்ட பார்களும் பூட்டப்படுகின்றன. முதலாவதில் 20 அங்குல பார் பூட்டினால் சங்கிலி சுற்றும், ஆனால் பருத்த மரத்தில் எஞ்சின் திணறும்.

கொள்ளளவு மட்டுமே போதிய சான்றாகாது. இந்தியச் சந்தையில் 58 கன செ.மீ. எஞ்சினும் 22 அங்குல பாரும் கொண்ட ரம்பங்கள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. ஒரே கொள்ளளவுடைய இரு எஞ்சின்கள் தரும் திறன் கணிசமாக வேறுபடலாம் என்பதால், பெட்டியில் கிலோவாட் கணக்கில் தரப்படும் திறனையும் பார்க்க வேண்டும். இத்தகைய கருவியில் 22 அங்குல பாரை 18 அங்குலமாக மாற்றினால், பருத்த கடினமரத்தில் புதையும் பற்கள் குறைந்து எஞ்சின் திணறாமல் ஓடும். முனை முழுவதும் உள்ளே போகாத அளவுக்கு மரம் சிறியதாக இருந்தால் இந்த மாற்றத்தால் வேகம் கூடாது. எடை மட்டுமே குறையும்.

சங்கிலி வகை, ஸ்ப்ராக்கெட் மாற்றம்

பெரிய மரங்களுக்கு நீண்ட பார் தவிர்க்க முடியாதபோது, பற்களின் எண்ணிக்கையைக் குறைத்து எஞ்சினின் சுமையைத் தணிக்கலாம். இரண்டு வெட்டுப்பற்களுக்கு இடையே ஓர் இணைப்புத் தகட்டுக்குப் பதில் இரண்டு வருமாறு அமைந்த சங்கிலிக்கு ‘ஸ்கிப்’ சங்கிலி என்று பெயர். 72 உந்துகண்ணிகள் கொண்ட முழுச் சங்கிலியில் 36 பற்கள் இருக்கும். ஸ்கிப் சங்கிலியில் 24 மட்டுமே. 60 செ.மீ. மரத்தில் 16க்குப் பதில் 10 அல்லது 11 பற்களே உள்ளே இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் விசை கூடுகிறது. சீவல் தங்கும் இடமும் கூடுகிறது. தீட்ட வேண்டிய பற்களும் குறைகின்றன. ஆனால் சிறு கிளைகளை அறுக்கும்போது இச்சங்கிலி தட்டித் தட்டி ஓடும். எனவே 24 அங்குலத்துக்கு மேற்பட்ட பார்களில்தான் இது பெரும்பாலும் பயன்படுகிறது.

ஸ்ப்ராக்கெட்டின் பற்களை 7லிருந்து 8 ஆக்கினால் அதே சுழற்சியில் சங்கிலியின் வேகம் நொடிக்கு 20 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 22.9 மீட்டராகும், இழுவிசை அதே விகிதத்தில் குறையும். வலுவான எஞ்சினில் குட்டையான பாரும் நடுத்தர மரமும் இருந்தால் இது பயன் தரும். நீண்ட பாரில் இதே மாற்றம் எஞ்சினை இன்னும் திணறச் செய்யும்.

சங்கிலிப் பல்லின் இன்றைய வடிவமே ஒரு கதை கொண்டது. தொடக்ககாலச் சங்கிலிகளின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போன்று சுரண்டும் வகையாக இருந்தன; அடிக்கடி மழுங்கின. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்த ஜோசப் பஃபோர்ட் காக்ஸ், 1946இல் மரத்தைத் துளைத்துச் செல்லும் ஒரு வண்டின் புழு, தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைக் கொறித்து முன்னேறுவதைக் கவனித்தார். அதைப் பின்பற்றி இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைந்த சங்கிலியை உருவாக்கி 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அந்த அமைப்பின் வழிவந்தவையே.

எண்ணெய், தேய்மானம், தீட்டுதல்

பாரின் காடியில் எண்ணெய் தொடர்ந்து செல்ல வேண்டும். சங்கிலியே அந்த எண்ணெயை முனைவரை இழுத்துச் செல்கிறது. சிறு ரம்பங்களின் எண்ணெய்ப் பம்பு, அதற்குரிய குட்டையான பாருக்குப் போதுமான அளவே எண்ணெய் விடும். நீண்ட பாரைப் பூட்டும்போது முனைப்பகுதி வறண்டு, பார் நீலநிறமாகச் சூடேறி, காடி அகன்றுவிடும். அகன்ற காடியில் சங்கிலி சாய்ந்து ஓடுவதால் வெட்டு வளையும். எண்ணெய் போய்ச் சேருகிறதா என அறிய எளிய வழி உண்டு: வெளிர்நிற அட்டை அல்லது அடிமரத்தின்மேல் படாமல் சற்றுத் தள்ளி முனையைப் பிடித்து, எஞ்சினை முடுக்க வேண்டும். சில நொடிகளில் எண்ணெய்த் துளிகள் கோடாகத் தெறித்தால் போதுமானது.

நீண்ட சங்கிலிக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. 20 அங்குல பாரின் 36 பற்கள், 16 அங்குல பாரின் 30 பற்கள் செய்யும் அதே வேலையைப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு பல்லும் சற்று மெதுவாக மழுங்கும். அதேசமயம் தீட்டும்போது 6 பற்களைக் கூடுதலாகத் தீட்ட வேண்டும். ஒரு கல்லிலோ மண்ணிலோ பட்டுவிட்டால் இந்தச் சாதகம் நொடியில் போய்விடும்.

கையாளுதலும் பணிச்சூழலும்

நீளம் கூடும்போது கருவியின் முன்பக்கம் கனக்கும். கையில் தூக்கி நீண்டநேரம் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு மாலையில் தோளிலும் இடுப்பிலும் தெரியும். களைத்த கையில் ரம்பம் கட்டுப்பாட்டை இழப்பது எளிது. மறுபுறம், விழுந்துகிடக்கும் மரத்தின் கிளைகளைக் கழிக்கும்போது நீண்ட பார் அதிகம் குனியாமல் வேலை செய்ய உதவும்.

இதனால் பார் நீளம் நாட்டுக்கு நாடு, காட்டுக்குக் காடு மாறுபடுகிறது. அமெரிக்கா, கனடா நாடுகளின் பசிபிக் கடற்கரைக் காடுகளில் டக்ளஸ் ஃபர் போன்ற பெருமரங்களைச் சரிவான மலைகளில் நின்று வெட்டுவோர் 28 முதல் 36 அங்குல பார்களைப் பயன்படுத்துகின்றனர். மரத்தின் ஒரு பக்கம் நின்றே வெட்டி முடிக்க அந்த நீளம் வேண்டும். மெல்லிய ஊசியிலை மரங்கள் நிறைந்த சுவீடன், பின்லாந்து காடுகளில் 50, 60 கன செ.மீ. எஞ்சினிலும் 13 முதல் 15 அங்குல பாரே வழக்கம். இரு தரப்பாரும் தத்தம் மரத்துக்கு ஏற்றதையே செய்கின்றனர்.

தமிழ்நாட்டில் சவுக்கு, சீமைக் கருவேலம், தென்னை ஆகியவற்றை அறுக்கச் சங்கிலி ரம்பம் பரவலாகப் பயன்படுகிறது. சவுக்குக் கம்பங்களுக்கும் கருவேல விறகுக்கும் 12 முதல் 16 அங்குலம் தாராளம். தென்னையின் தண்டு பெரும்பாலும் 16, 18 அங்குல பாருக்குள் அடங்கிவிடும். தென்னையில் வெளிவட்டம் அடர்த்தியாகவும் கடினமாகவும், உட்பகுதி மென்மையாகவும் இருக்கும். நார்கள் சங்கிலி மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். எனவே இங்கு நீளமான பாரைவிடக் கூரான சங்கிலியும் அடிக்கடி சுத்தம் செய்வதுமே வேகத்தைத் தரும்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும் மரங்களை அகற்றுவது, நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது. வளைந்து முறுக்கேறி நிற்கும் தண்டு, வெட்டியதும் எகிறும். அழுத்தமுள்ள பக்கத்தில் வெட்டினால் பாரைக் கவ்விக்கொள்ளும். மட்டைகளுக்கு மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனை எதில் படும் என்று கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய இடத்தில் மரத்தைவிட மிக நீண்ட பார் வேலையைக் குறைக்காது, ஆபத்தைக் கூட்டும்.

பின்னுதைப்பு

சங்கிலி ரம்ப விபத்துகளில் மிகவும் அஞ்சத்தக்கது பின்னுதைப்பு. ‘கிக்பேக்’ என்ற பெயரில் பலரும் அறிந்தது. பார் முனையின் மேற்கால் பகுதியில் ஓடும் சங்கிலி ஏதேனும் ஒரு பொருளில் பட்டுத் தடைபட்டால், அந்த விசை பாரை மேல்நோக்கியும் பின்னோக்கியும், இயக்குபவரின் முகம், கழுத்தை நோக்கித் திருப்புகிறது. நொடிக்கு 20 மீட்டர் ஓடும் சங்கிலி, கால் நொடியில் 5 மீட்டர் கடந்துவிடும். அந்த இடைவெளியில் மனிதக் கை சுதாரிப்பதை நம்ப முடியாது.

குட்டையான பாரில் பின்னுதைப்பு வராது என்று எண்ணுவது தவறு. முனையின் வளைவுச் சுற்றளவும் சங்கிலியின் வகையும் இதில் முக்கியம்: முனை ஒடுங்கியதாக இருந்தால் ஆபத்துப் பகுதி சிறுக்கும். பார் நீளம் இதில் வேறு விதமாகத் தலையிடுகிறது. மரத்தைவிட மிக நீண்ட பாரின் முனை மறுபுறத்தில் வேறொரு கிளையையோ கல்லையோ தரையையோ தொடலாம். மரத்தைவிடக் குட்டையான பாரில், முனை மரத்துக்குள்ளேயே ஓடுவதால் அதன் மேற்பகுதி மரத்தைத் தொடலாம். மரத்தின் விட்டத்தைவிட 2 அங்குலம் அளவுக்கு நீளமான பார் என்ற பொதுவிதி இரண்டுக்கும் இடைப்பட்டது.

தற்காப்பு முறைகள் எல்லா நீளத்துக்கும் பொதுவானவை. இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். இடக்கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். சங்கிலித் தடை வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் பார்க்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுக்கக் கூடாது. தலைக்கவசம், முகவலை, காதுக்காப்பு, ரம்பத்துக்கென்றே நெய்த காற்சட்டை ஆகியவற்றை அணிய வேண்டும். அக்காற்சட்டையின் உள்நார்கள் வெளிவந்து ஸ்ப்ராக்கெட்டில் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும்.

குட்டை பாரால் பெரிய மரம்

பாரைவிடப் பருத்த மரத்தையும் இரு பக்கங்களிலிருந்தும் வெட்டி அறுக்க முடியும். கோட்பாட்டளவில் பார் நீளத்தின் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவான விட்டம்வரை இது இயலும்: 16 அங்குல பாரால் 28 அங்குல மரம்வரை என்று கொள்ளலாம். தரையில் கிடக்கும் துண்டை அறுக்க இது எளிது. நிற்கும் மரத்தை வீழ்த்தும்போது, விழும் திசையைக் கட்டுப்படுத்தும் கீல் பகுதியை இரு பக்க வெட்டுகளும் சமமாக விட வேண்டும். இல்லையெனில் மரம் எதிர்பாராத பக்கம் சாயும். இது பயிற்சி பெற்றவரின் வேலை. பயிற்சி இல்லாதவர் பெரிய மரத்துக்குப் பெரிய பார் வாங்குவதைவிட, அதற்குரிய ஆளை அழைப்பது நல்லது.

மரத்தை நெடுக்காக அறுத்துப் பலகையாக்கும் வேலைக்கு நீளக் கணக்கு வேறு. ரம்பத்தைச் சட்டத்தில் பூட்டும்போது பாரின் சில அங்குலங்கள் பயனற்றுப் போகும். வெட்டு முழுவதும் பார் புதைந்தே இருக்கும் என்பதால் எஞ்சினுக்கு ஓய்வு இராது. இதற்குப் பெரிய எஞ்சினும், நெடுக்கறுப்புக்கெனத் தீட்டிய சங்கிலியும் வேண்டும்.

பார்மீது சுமத்தப்படும் பிற குறைகள்

வெட்டு மெதுவாகும்போது பார் நீளத்தை மாற்றும் முன் பின்வருவனவற்றைச் சோதிக்க வேண்டும்.

சீவலுக்குப் பதில் மாவு போன்ற தூள் வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. புதிதாகத் தீட்டிய சங்கிலி தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும், அழுத்த வேண்டியதில்லை.

பல் கூராக இருந்தும் மரத்தைப் பிடிக்காவிட்டால், பல்லுக்கு முன்னுள்ள ஆழமட்டம் உயர்ந்திருக்கலாம். பட்டறைகளில் இதை ரேக்கர் என்பர். பல்லின் நுனியைவிட இது பெரும்பாலான சங்கிலிகளில் 0.65 மி.மீ. அளவு தாழ்ந்திருக்க வேண்டும். மிகவும் தாழ்த்தினால் சங்கிலி மரத்தைக் கவ்வி அதிரும், பின்னுதைப்பும் கூடும்.

வெட்டு ஒரு பக்கமாக வளைந்தால், இடப்பற்களும் வலப்பற்களும் ஒரே அளவில் தீட்டப்படவில்லை, அல்லது பாரின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்துள்ளது.

சுமையில் எஞ்சின் இறங்கினால் காற்று வடிகட்டியில் தூள் அடைத்திருக்கலாம்.

சங்கிலி மிக இறுக்கமாக இருந்தால் உரசல் கூடும். தளர்ந்திருந்தால் காடியிலிருந்து கழன்று அடிக்கும். கையுறை அணிந்த கையால் இழுத்து விட்டால் பாரோடு ஒட்டிக்கொள்ளவும், கையால் தடையின்றி நகரவும் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் இதைத் தாங்களே செய்யலாம். ஒரே மரத்துண்டில், ஒரே வகைச் சங்கிலியை இரு நீளங்களில் புதிதாகத் தீட்டி, அழுத்தாமல் ரம்பத்தின் எடையிலேயே மூன்று மூன்று முறை அறுத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு பாரில் மழுங்கிய சங்கிலியும் மற்றதில் புதிய சங்கிலியும் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. பார் மாற்றியதும் வேகம் கூடிவிட்டது என்போர் பலர் உண்மையில் உணர்ந்தது, பாருடன் வந்த புதிய சங்கிலியின் கூர்மையையே.

பார் வாங்கும்போது

பாரின் பின்பகுதியில் நீளம், பிட்ச், காடியின் அகலம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். காடியின் அகலத்தைக் ‘கேஜ்’ என்பர், 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என அளவுகள் உண்டு. சங்கிலியின் பிட்ச், கேஜ், உந்துகண்ணிகளின் எண்ணிக்கை மூன்றும் பாரோடு பொருந்த வேண்டும். பிட்ச் ஸ்ப்ராக்கெட்டோடும் பொருந்த வேண்டும். பூட்டும் துளைகளின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நீளம் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரு பார் பொருந்திவிடாது.

நீளத்தை முடிவு செய்யும் வரிசை இது: அடிக்கடி அறுக்கும் மரத்தின் விட்டத்தை அளந்து 2 அங்குலம் கூட்ட வேண்டும். அந்த நீளம் எஞ்சினின் கையேட்டு வரம்புக்குள் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். வந்தால் அதுவே ஏற்ற பார். வராவிட்டால் அந்த வேலைக்குப் பெரிய எஞ்சின் தேவை. பாரை மட்டும் பெரிதாக்குவது தீர்வாகாது. எப்போதாவது ஒருமுறை வரும் பெரிய மரத்துக்காக ஆண்டு முழுவதும் நீண்ட பாரைச் சுமக்க வேண்டியதில்லை.